கட்டாய மச்சம்

"இன்னொரு மச்சம் சொல்லுங்க" என்றாள் பதிவு மேசை நர்ஸ், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்குக் கணுக்கால் வீங்கி உயிர் போகிற வலி. பக்கத்து மண்டபத்தில் மைக் ஒயர் தடுக்கி விழுந்துவிட்டாராம். கழுத்தில் மாட்டியிருந்த அட்டை முதுகுப் பக்கம் புரண்டு கிடந்தது. மைக் செட்காரர் என்று நர்ஸ் முடிவு கட்டிவிட்டாள்.

"ஒண்ணுதாம்மா இருக்கு. முதல்ல காலைப் பாருங்களேன்."

"ரெண்டு மச்சம் போடாம அடுத்த பக்கம் போகாதுங்க. பதிவு நம்பர் வராம டாக்டர் ஊசி எழுத மாட்டார்."

அவளே இடது தோளில் ஒன்றைத் தட்டி வைத்தாள். அங்கே வந்துபோன பாதிப் பேருக்கு இடது தோளில் மச்சம் உண்டு. எல்லாம் அவள் கைங்கரியம்தான்.

"அடுத்தது..."

"அம்மாவோட ரத்த வகைதானே? தெரியாதும்மா."

பாவம், அடிக்கடி விழுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் புலம்பல் ஓயவில்லை. இலவச மென்பொருளாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். மூன்று தடவை எழுதிப் போட்டும் பதில் இல்லை. வரிசையில் வலியோடு நிற்கிறவர்கள் திட்டுவதெல்லாம் அவளைத்தான். இதை எழுதின மகராசன் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்திருக்க மாட்டான் என்று அடித்துச் சொன்னாள்.

அவருடைய போன் அடித்தது. மண்டபத்தில் நடப்பது அதே மென்பொருளின் மாநாடு. மேடையில் 'பயன்படுத்துவோர்' என்று எழுதிப் போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது, ஆளைக் கூப்பிடவே மறந்துவிட்டோம், தூக்கிவிடலாமா என்று கேட்டார்கள்.

"தூக்காதீங்க. ஆள் கிடைச்சாச்சு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மைக் செட்காரருக்கு இவ்வளவு செல்வாக்கா என்று நர்ஸுக்கு ஆச்சரியம். இதையெல்லாம் மேடையில் வந்து சொல்ல முடியுமா என்று அவர் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம்தான் இருந்தது.

"சொல்றேன். ஆனா இதை எழுதின ஆளு என் முன்னாடி உட்காந்து கேக்கணும்."

அவர் கழுத்து அட்டையை மெல்ல முன்பக்கம் இழுத்து விட்டுக்கொண்டார்.

"முன்னாடிதாம்மா உட்காந்திருக்கேன்."