டிராகன் ஜாடி

புத்தரின் காதுக்குப் பின்னால் தயிர் தடவிக்கொண்டிருந்தபோது என் அண்ணனின் குரல் கேட்டது.

தயிர் தடவி நிழலில் வைத்தால் மூன்று வாரத்தில் சிமெண்டில் பாசி பிடித்துவிடும். போன மாதம் வார்த்த புத்தர் நூறு வருஷத்துப் புத்தராகிவிடுவார். கல்விளக்கு, சிங்க ஜோடி, தவளை, எதுவானாலும் கிழடாக்கித் தோட்டக்காரர்களுக்குத் தருவது இந்தக் கடையில் என் வேலை. பெருமைப்படுகிற வேலை இல்லைதான். ஆனால் சோறு போடுகிறது.

எட்டிப் பார்த்தேன். அண்ணன் முன்கூடத்தில் நின்றிருந்தான். பக்கத்தில், அவன் இடுப்பு உயரத்துக்கு, அம்மாவின் அரிசி ஜாடி.

எனக்குச் சுரீரென்றது.

பழுப்பு மெருகு, சுற்றிலும் இரண்டு டிராகன், விளிம்பில் சின்ன வயதில் நான் பெயர்த்த சில்லு. அதற்கு வாங்கிய அடியை என் முதுகு இன்னும் மறக்கவில்லை. வீட்டில் மற்றதெல்லாம் அப்பா வாங்கியது. இது ஒன்றுதான் அம்மா தன் தையல் கூலியில் வாங்கியது. இதன்மேல் எங்கள் யாரையும் கை வைக்க விட்டதில்லை.

வித்துத் தின்ன வந்திருக்கிறான், பாவி.

எங்கள் முதலாளி போலியை விற்பார், வாங்க மாட்டார். இன்னொரு கொள்கையும் உண்டு. ஒருமுறை எவனோ தன் அப்பாவின் நாற்காலியை விற்றுவிட்டுப் போக, மறுநாள் அந்த அப்பாவே கைத்தடியோடு வந்து கடையை இரண்டாக்கிவிட்டார். அன்றிலிருந்து கேட்காமல் எந்த வீட்டுச் சாமானையும் தொடுவதில்லை.

“இதுக்கு உடையவங்க இருக்காங்களா?”

“அம்மாவோடது சார். அவங்க தவறி மூணு மாசமாச்சு.”

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டான். அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி அவன் வாயிலேயே திணிக்கலாமா என்று இருந்தது. தயிர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் எறிந்திருப்பேன்.

முதலாளி இளகிப்போனார். இருந்தாலும் வியாபாரி இல்லையா, என்னைக் கூப்பிட்டார். எது நிஜப் பழசு, எது செய்த பழசு என்பதில் இந்தக் கடையில் என் வாக்குதான் வாக்கு. பாம்பின் கால் பாம்பறியும்.

நான் போய் நின்றதும் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தங்கச்சி எங்கே வேலை பார்க்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தானே!

ஜாடியைச் சுற்றி வந்தேன். விரலை மடக்கித் தட்டினேன். கணீரென்றது. சொல்ல நாக்கு கூசத்தான் செய்தது.

“போலி சார். டீத்தண்ணில ஊறவச்சுப் பழசாக்கியிருக்காங்க. ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.”

அண்ணன் வாயைத் திறந்தான். இவள் என் தங்கச்சி, பொய் சொல்கிறாள் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலாளியின் அடுத்த கேள்வி எனக்குத்தான் வரும். வாயை மூடிக்கொண்டான்.

முதலாளிக்கு வந்ததே கோபம். செத்த தாயின் பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறாயே, நீயெல்லாம் ஒரு பிள்ளையா என்று பிடிபிடியென்று பிடித்தார். நானே கேட்டிருந்தாலும் அவ்வளவு நன்றாகக் கேட்டிருக்க மாட்டேன். தூக்கிக்கொண்டு கிளம்பு என்றார்.

ஒற்றை ஆளாக அவனால் அசைக்க முடியவில்லை. ஒரு பக்கம் நான் பிடித்தேன். வண்டி வரைக்கும் தூக்கிப் போனோம். ஜாடியைச் சாய்த்து வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். அவன் என்னவோ சொல்ல வந்தான்.

“பேசாதே. நேரா என் வீட்டுக்கு ஓட்டு. பத்து நாள்ல வந்து கூட்டிட்டுப் போறேன்னு விட்டுட்டுப் போனியே, மூணு மாசமாச்சு. போய்க் கதவைத் தட்டு. செத்துப்போனவங்களே எழுந்து வந்து திறப்பாங்க. பயந்துடாதே.”