பெட்டிக்காரங்க பேர்

நேப்பிள்ஸின் குறுகிய தெருவில் ஸ்கூட்டர்கள் வழியை மறித்தன. ருஜேரோ ஹாரனை அழுத்தினான். பக்கத்தில் நுன்சியா, குழந்தைத் துணிகள் இருந்த பையை மடியில் வைத்திருந்தாள்.

“ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள முடிவா சொல்லு. பிள்ளைக்கு உன் குடும்பப் பேரா, என் குடும்பப் பேரா?” என்று அவள் கேட்டாள்.

“உன்னுதுதான். எஸ்போசித்தோ.”

“பைத்தியமா உனக்கு? உங்க வம்சத்துக்குக் கோட்டையே இருந்துது.”

“இப்ப கூரைகூட இல்ல.”

“எங்க பேரு எப்படி வந்துச்சுன்னு தெரியும்ல? அந்தக் காலத்துல மடத்துச் சுவத்துல ஒரு பெட்டி இருக்கும். பெத்தவங்க அதுல விட்டுட்டுப் போன பிள்ளைங்களுக்கு வச்ச பேரு. கல்யாணத்தன்னிக்கே உங்க அத்தை, ‘பெட்டிக்காரங்க வீட்டுப் பொண்ணா’ன்னு கேட்டாங்களே. இத்தனை வருஷம் கழிச்சு வர்ற பிள்ளைக்கும் அந்தப் பேச்சு வேணுமா?”

“பேசினா பேசட்டும். அந்தப் பெட்டியிலேருந்து எவளோ ஒருத்தி தூக்கி வளர்த்ததாலதான் நீ எனக்குக் கிடைச்சே. அதைச் சொல்லியே வளர்ப்போம்.”

நுன்சியா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்னத் துணிமூட்டையோடு அவர்களிடம் வந்தாள்.

“பெத்தவ யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலம்மா. வாசல் தொட்டில்ல போட்டுட்டுப் போயிட்டா. இனிமே உங்க பிள்ளை. என்ன பேரு எழுதட்டும்?”

நுன்சியா குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“எஸ்போசித்தோன்னே எழுதுங்க,” என்றாள். “எங்க வம்சம்தான்.”