கழுத்தை அறுக்காத ஒரு வார்

மொட்டை குழந்தைக்கு, வீக்கம் தாய்மாமனுக்கு.

குன்றத்தூர் மலையடிவாரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமன் தலையில்தான் நரசிம்மனின் கேமரா விழுந்தது. இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து எடுத்தால் நன்றாக வருமே என்று ஸ்டூல் மேல் ஏறியது அவனுடைய கலையார்வம். ஃபிளாஷைச் சரிசெய்த நேரத்தில், கையில் சுற்றியிருந்த தோல்வார் நழுவியது.

குழந்தை அழவில்லை. மாமன் அழுதார்.

நல்ல தலை அது. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை கல்யாண வீட்டு வைக்கோல் மேல் விழுந்ததால் பிழைத்தது. இரண்டாவது சொந்த ஸ்டுடியோவின் சிமெண்டுத் தரை. அன்றிலிருந்து கேமராவின் பின்மூடியை ஒரு ரப்பர் பேண்ட்தான் காப்பாற்றி வருகிறது.

திங்கட்கிழமை ஒரகடம் சாலையில் புதிதாக வந்திருக்கும் கம்பெனியில் இருநூறு பேருக்கு பேட்ஜ் போட்டோ எடுக்க வேண்டும். நேற்றுவரை ஏர் பிடித்தவர்கள் எல்லாம் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அங்கே ஒரு தடவை கை தவறினால் போதும். மெட்ராஸிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லிவிட்டார். நரசிம்மனிடம் இருப்பது ஒரே கேமரா. அது போனால் ஸ்டுடியோவில் மிச்சம் இருப்பது தாஜ்மகால் வரைந்த திரை ஒன்றுதான்.

ஏன் நழுவுகிறது என்று அவன் கேட்காத ஆள் இல்லை.

மனைவி லீலா கண்ணேறு என்றாள். கேமராவுக்கு எலுமிச்சம்பழம் சுற்றித் தெருமுனையில் போட்டுவிட்டு வந்தாள். டீக்கடையில் சாயங்காலச் சரக்கு என்றார்கள். குடிக்காதவனுக்கு அது ஒரு கௌரவம் என்று அவன் சும்மா இருந்துவிட்டான். கம்பவுண்டர் வீக்னஸ் என்று சிவப்பு டானிக் கொடுத்தார். பிலிம் வாங்கும் கடைக்காரர் மட்டும் வார் சரியில்லை, கனம், வழுக்குகிறது என்றார்.

இருப்பதிலேயே சுலபமான காரணம் என்பதால் நரசிம்மன் அதை நம்பினான்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், கங்கம்மாளின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். கம்பெனிக்குப் போகிறவர்களின் பை, செருப்பு, பெல்ட் எல்லாம் அவள் கையில்தான் மறுபிறவி எடுக்கும்.

அவன் தேவைகளைச் சொன்னான். கனம் இருக்கக் கூடாது. கழுத்தை அறுக்கக் கூடாது. கல்யாணத்தில் கழுத்தில் தொங்க வேண்டும், சைக்கிளில் குறுக்கே மாட்ட வேண்டும், படம் எடுக்கும்போது கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். வியர்வையில் நாறக் கூடாது.

நீங்கள் கேட்பது வாரா, வீட்டோட மாப்பிள்ளையா என்று கங்கம்மாள் கேட்டாள்.

தோல் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டாள். உழைக்கும், ஆனால் கனம். ரெக்ஸின் லேசு, ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரே கோடையில் வெடித்துவிடும். கான்வாஸின் ஓரம் கழுத்தைத் தேய்க்கும். கடைசியில் கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நாடாவை எடுத்தாள். இரண்டாக மடித்துத் தைத்தால் யானையைக்கூடத் தொங்கவிடலாம், துவைத்தும் போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

நரசிம்மன் அதைக் கழுத்தில் போட்டுப் பார்த்தான். போட்டது போலவே இல்லை.

கையில் மாட்டும் வளையத்துக்கு அளவு எடுக்க அவள் அவனுடைய வலது கையைக் கேட்டாள். மணிக்கட்டுக்குக் கீழே, சுண்டுவிரல் பக்கம், காசளவுக்குத் தோல் வெளுத்திருந்தது.

எத்தனை நாளாக என்று கேட்டாள்.

போட்டோக்காரன் கை அப்படித்தான் இருக்கும் என்று அவன் விளக்கினான். படம் கழுவும் மருந்தில் பத்து வருஷமாக ஊறுகிற கை. ஊர்க்காரர்களை எல்லாம் வெளுப்பாகக் காட்டிக் காட்டி அந்த வெளுப்பு தனக்கே ஒட்டிக்கொண்டது என்றான். அவனே சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து, நாடாவை அவன் கையில் சுற்றி, ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

இது வழுக்காதே என்று கேட்டான். மாமன் தலையின் கதையைச் சொன்னான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்து, புழுதி கிளப்பிவிட்டுப் போனது. மறுபடி கேட்டான். அவள் அவனுடைய சுண்டுவிரலை நிமிர்த்திப் பார்த்தாள். விரல் பாதிக்கு மேல் நிமிரவில்லை.

"இன்னா கங்கம்மா, திங்கக்கிழமை என் பொழப்பே இதுலதான் தொங்குது. வழுக்குமா வழுக்காதா, ஒரே வார்த்தையில சொல்லு."

அவள் நாடாவைப் பிரித்தாள். அவன் கையைத் திருப்பி அவனிடமே காட்டினாள்.

வெளுத்த இடத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள். ஒன்று லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கையில் குத்தூசி இருந்தது.

"வாரு வழுக்கல, போட்டோக்காரரே. மூணு தபா குத்திட்டேன், நீங்க கதை சொல்லிக்கினே கீறீங்க. இது பெருவியாதி, குஷ்டம்னுவாங்களே அது. எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க, துன்னேன், போயிடுச்சு. பத்தரைக்கு பஸ் கீது, கெளம்புங்க."