ஆட்சேபணை இல்லை

இதை எனக்கு யார் சொன்னார்கள் என்பது மறந்துவிட்டது. சில சொற்கள் மாறியிருக்கலாம்.

வாராவாரம் போதகரின் பிரசங்கத்தைப் பதிவுசெய்யும் வெறுப்புப்பேச்சுத் தடுப்பு அதிகாரி, அன்று ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துவிட்டு எழுந்தார். போதகர் வியர்வையுடன் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

“இன்னைக்கு எப்படிங்க?”

“ஒரு தப்பும் இல்லைங்க ஐயா. உங்க மேல இருந்த புகாரை முடிச்சிடறேன். இனிமே நான் வர மாட்டேன்.”

போதகரின் முகம் வாடியது. “பாவிகள் நரகத்துல எரிவாங்கன்னு கத்தினேனே?”

“அது உங்க மத உரிமை.”

“பக்கத்துத் தெருக்காரங்களைத் திட்டினேனே?”

“ராத்திரியெல்லாம் சத்தமா பாட்டு வைக்கிறாங்கன்னீங்க. எனக்கும் அதே கடுப்புதான்.”

“உங்க மேலதிகாரிகிட்ட ஒரு தடவை போட்டுக் காட்டிப் பாருங்களேன்.”

“ஐயா, உங்களுக்கு என்னதான் வேணும்?”

போதகர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். வரிசையாகக் கிடந்த நாற்காலிகளில் தூசி படிந்திருந்தது. அதிகாரி உட்கார்ந்திருந்தது மட்டும் பளபளத்தது.

“நீங்களும் வரலைன்னா, நான் யார்கிட்டங்க பேசுவேன்?”

அதிகாரி மீண்டும் உட்கார்ந்து கருவியை இயக்கினார்.

“சரி, மேடைக்குப் போங்க. எங்க துறைக்காரங்க யாருக்கும் சொர்க்கத்துல இடமில்லைன்னு சொல்லுங்க. கொஞ்சம் காரமாவே சொல்லுங்க.”

புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. போதகர் வாராவாரம் பேசுகிறார். அதிகாரி இப்போது சாட்சிக்காகத் தன் மனைவியையும் அழைத்து வருகிறார்.