கொக்கியை விடாத ராக்கெட் விமானம்

பழங்காலச் சோதனை ராக்கெட் விமானம் ஒன்றைப் பார்த்து, ஆள் நீளத்துக்குச் செய்த மாதிரி விமானம் அது. தரையிலிருந்து தானாக எழும்பாது. ஒரு பெரிய மாதிரி விமானம் அதைத் தன் வயிற்றுக் கொக்கியில் மாட்டிக்கொண்டு போய் உயரத்தில் விடவேண்டும். அதன்பிறகுதான் ராக்கெட் பற்றும்.

"சும்மா தூக்கிக்கொண்டு போகிறானாம்! இந்தக் காலத்தில் யார் யாரைச் சும்மா சுமக்கிறார்கள்?" என்று மைதானத்து மைனாவிடம் முணுமுணுத்தது ராக்கெட் விமானம்.

"போன வாரமும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பும்போது தனியாகத்தான் வந்தான்" என்றது மைனா. போன வார விமானம் அவனுக்கு முன்னாலேயே பத்திரமாக இறங்கிவிட்டதை மைனா சொல்லவில்லை. ராக்கெட் விமானமும் கேட்கவில்லை.

உயரத்தில் கொக்கி திறந்தது.

"பற தம்பி!" என்றது பெரிய விமானம்.

"என்னைத் தள்ளிவிடத்தானே அண்ணே இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர்கள்?" என்று ராக்கெட் விமானம் கொக்கியை இறுகப் பற்றிக்கொண்டது.

"விட்டுவிடு தம்பி. எழும்பும்போது தாங்கிய சக்கரம், இறங்கும்போது இரண்டு பேர் பாரத்தைத் தாங்காது."

"மிரட்டுகிறீர்களா?"

எரிபொருள் தீரும்வரை பெரிய விமானம் சுற்றிச் சுற்றிக் கெஞ்சிப் பார்த்தது. பிறகு வேறு வழியில்லாமல் இறங்கியது. சக்கரம் முறிந்தது. அடியில் மாட்டியிருந்த ராக்கெட் விமானம் இரண்டாகப் பிளந்தது.

புழுதி அடங்கியதும் மைனா ஓடிவந்தது. நொறுங்கிய இறக்கைக்குள்ளிருந்து ராக்கெட் விமானத்தின் குரல் உற்சாகமாகக் கேட்டது:

"இவனை நம்பக்கூடாதென்று காலையிலேயே சொன்னேனா, இல்லையா?"