நுரை ஊறும் நேரம்

குளியலறைத் தரையில் குந்தியிருக்கிறார் கிழவர். முழங்கால்களுக்கு நடுவே, மருந்து ஷாம்பு நுரை பூசிய குட்டி நாய் வெடவெடத்து நிற்கிறது. மேல் சன்னல் வெயில் நுரையில் பட்டு மினுங்குகிறது. இன்றைக்கும் நாற்றம் போகாவிட்டால் நாயை யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்று மருமகள் கறாராகச் சொல்லிவிட்டாள். கிழவருக்கு நாய் டாக்டர் என்றாலும் சந்தேகம், அவர் கொடுத்த மருந்துப் புட்டி என்றாலும் சந்தேகம். மருந்து தோலை அரித்துவிடுமோ என்று, நுரை வந்த மறுநிமிடமே தண்ணீரைக் கொட்டிவிடுவார். அதனால் நாயின் தோல் பிசுக்கும் போகவில்லை, வாடையும் போகவில்லை. இப்போதும் கை தன்னால் குவளைக்குப் போகிறது. “மாமா, தொடாதீங்க! கொஞ்ச நேரம் ஊறணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு” என்று வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு அதட்டுகிறாள் மருமகள். “அவன் சொல்லுவான். தோல் உரிஞ்சா அவனா வந்து ஒட்டுவான்?” “இத்தனை நாள் உங்க இஷ்டத்துக்கு விட்டுத்தான் வீடே நாறுது.” கிழவர் குவளையைக் கீழே வைக்கிறார். குழாய் சொட்டுகிறது. நாயின் காதுக்குப் பின்னால் விரலால் மெல்லத் தேய்க்கிறார். மெழுகு மாதிரியான பிசுக்கு கரைந்து பழுப்பாக வழிகிறது. “பொறுத்துக்கடா. எனக்கும்தான் பிடிக்கல” என்று முணுமுணுக்கிறார்.

ஒருவழியாக, ஊறியது போதும் என்று மருமகள் தலையசைக்கிறாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற, ஒட்டிக்கிடந்த முடி இழை இழையாகப் பிரிகிறது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறாள். பிறகு மூச்சை விட்டு, நாயின் கழுத்தை நன்றாக முகர்கிறாள். கிழவர் அவள் முகத்தையே பார்க்கிறார். அவள் துண்டை விரித்து, நாயைச் சுருட்டி, மார்போடு தூக்கிக்கொள்கிறாள். “நீங்களும் குளிச்சிட்டு வாங்க மாமா. இப்ப வாடை உங்ககிட்டதான் வருது.”