தவிட்டுக்கு வந்த பிள்ளை

"ஊசி மட்டும் வேணாம் சாமி. குடிக்கிற மருந்தா குடுங்க," என்றான் காளை.

தல்லாகுளத்தில் தம் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஹாலாஸ்யத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்று வரவில்லை என்றால் அதற்குக் காரணம், காளையின் மனைவி செல்லத்தாய் மடியில் கிடந்த கைக்குழந்தையின் வயிறு.

மறுபடியும் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் தொப்புளைத் தாண்டி இறங்கியிருந்தது. கை கால் மட்டும் குச்சி குச்சியாக.

"கொயினா குடுத்தியா?"

"மாசக்கணக்கா குடுத்தாச்சு சாமி. காச்சல் விடல," என்றாள் செல்லத்தாய்.

"அப்போ மலேரியா இல்லை. காலா அசார்னு ஒண்ணு உண்டு, வங்காளத்துல ஜாஸ்தி. இந்தப் பக்கம், அதுவும் பால்குடிக் குழந்தைக்கு... எப்படி வந்துது?" தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். "மண்ணீரல்ல ஊசி விட்டு ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்க்கணும். அதுதான்னா, தொடர்ந்து ஊசி போட்டுப் பொழைக்க வச்சுடலாம்."

"போடாட்டி?"

"தங்காது."

காளை தலையைக் குனிந்துகொண்டான். "முந்தின ரெண்டும் தங்கல சாமி. இதுக்காவது ஆயுசு குடு, காது குத்துற வரைக்கும் எம்புள்ள மேல இரும்பு படாதுன்னு கொலசாமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

வராத கோபம் வந்துவிட்டது. "காது குத்தறதுக்குக் குழந்தை இருக்க வேண்டாமா, ஓய்?"

காளை மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ முணுமுணுத்தான். பிறகு தெருவில் போய், தாங்கள் வந்த வண்டியின் மாட்டைத் தடவிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். செல்லத்தாய் குழந்தையோடு கொல்லைப்புறம் போனாள்.

"கல் நெஞ்சுக்காரன்," என்று டாக்டர் பொருமினார்.

சற்று நேரத்தில் அவர் மனைவி ஸ்யாமளா வந்தாள். இடுப்பில் அந்தக் குழந்தை.

"ஏன்னா, இவனை நான் வாங்கிண்டுட்டேன். மாட்டுக்கு வச்சிருந்த தவிட்டுல ஒரு முறம் குடுத்தேன்."

பிள்ளை தங்காத வீட்டில் இப்படிப் பேருக்குத் தவிட்டுக்கு விற்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். டாக்டருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிச்சல்.

"உயிருக்குப் போராடற குழந்தைக்கு வைத்தியம் வேண்டாம், தவிட்டு வியாபாரம் வேணுமா? அவாளுக்குத்தான் புத்தியில்லேன்னா உனக்குமா? திருப்பிக் குடு."

பின்னாலேயே செல்லத்தாய் வந்து நின்றாள். முந்தானையில் தவிடு. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"திருப்பிக் குடுத்துறாதீங்க சாமி. எங்க புள்ள மேலதான இரும்பு படக் கூடாது? இப்ப இது உங்க புள்ள, குத்துங்க. அவருதான் விக்கச் சொன்னாரு. கொலசாமிக்கு வாக்குக் குடுத்த வாயால, ஊசி போடுங்கன்னு சொல்ல முடியலியாம்."